நாகதத்தையின் அக்காள்

பெரம்பலூர்
20.8.2023

மரியே வாழ்க.

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு, ஆனி ரோஸ் எழுதுவது.

இருபது வருடத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் பௌத்தம் நடத்திக்கொண்டிருந்தேன். பெண்களும் வீட்டை விட்டுப் போய்ப் பிக்குணிகள் ஆனார்கள், அதாவது பௌத்தத் துறவிகள் ஆனார்கள் என்று சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து வேம்பு என்ற பெண் எழுந்து, "ஏன் டீச்சர் போனாங்க? வூட்ல யாராச்சும் அடிச்சாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் பதில் இல்லை. மணி அடித்ததால் நான் தப்பித்தேன்.

நீங்கள் அனுப்பிய உங்கள் ஆராய்ச்சி நூலைப் படிக்கும்போது அந்தக் கேள்வி மறுபடி வந்து நின்றது. ஆந்திரத்துப் பழைய பௌத்தத் தூபிகளில் பெண்கள் கொடுத்த கற்களை எல்லாம் தேடித் தேடிப் படித்திருக்கிறீர்கள். அதில் ஒரு கல் என்னை விடவில்லை. "பிக்குணி நாகதத்தை தன் அக்காளோடு சேர்ந்து கொடுத்த கல்" என்கிறது. அக்காளின் பெயர் இருந்த மூலை உடைந்துவிட்டது என்று அடியில் குறித்திருக்கிறீர்கள்.

இங்கே நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற வீரமுத்து அதை நடத்துகிறார். வருட மலருக்கு என்னிடம் ஒரு கதை கேட்டார். நாகதத்தையின் கதையை அவள் அக்காள் சொல்வதுபோல் எழுத ஆசை. உங்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நாகதத்தை ஏன் வீட்டை விட்டுப் போனாள்?

உங்கள் காது மந்தமானதிலிருந்து போனில் நான் ஒன்று கேட்க நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். அதனால்தான் கடிதம். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. மற்றபடி குறையில்லை. உங்கள் ஜெபத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி ரோஸ்


குண்டூர்
14.9.2023

அன்புள்ள அக்கா,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் இருக்கட்டும். எனக்கு இடது காதில் கருவி வைத்திருக்கிறார்கள். அதில் பேச்சைவிட மின்விசிறிச் சத்தம்தான் நன்றாகக் கேட்கிறது.

என் நூலை முனைவர் பட்டத் தேர்வாளர் மூன்று பேருக்குப் பிறகு முழுதாகப் படித்தவள் நீதான். கதை எழுது. எனக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை: கல் சொல்லாததை எழுதலாம், கல் மறுப்பதை எழுதக் கூடாது.

நாகதத்தை ஏன் போனாள் என்று கல் சொல்லவில்லை. எந்தக் கல்லும் சொல்வதில்லை. யார் கொடுத்தாள், யாரோடு சேர்ந்து கொடுத்தாள், என்ன கொடுத்தாள், அவ்வளவுதான். விதவையாகியிருப்பாள், குழந்தை இறந்திருக்கும், பாவம் என்று படித்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பாவத்தை எதிர்த்துத்தான் நான் எட்டு வருடம் உழைத்தேன். போனவர்கள் வீட்டை அறுத்துக்கொள்ளவில்லை. அம்மாவோடும் அக்காளோடும் மகளோடும் சேர்ந்துதான் கல் கொடுத்தார்கள்.

இன்னொன்று. நீ என்னை "நீங்கள்" என்று எழுதுவதை விடு. எத்தனை முறை சொல்லிவிட்டேன்.

ஆல்பர்ட்டுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

உன் தங்கை,
அற்புதம்


பெரம்பலூர்
8.10.2023

மரியே வாழ்க.

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. "நீங்கள்" வராமல் எழுத முயன்றேன், கை போகவில்லை. நீங்கள் முதல் துறவு வார்த்தைப்பாடு கொடுத்து வீட்டுக்கு வந்த அன்று அம்மாவே வாசலில் நின்று, "வாங்க சிஸ்டர், உள்ள வாங்க" என்றாள். பெற்றவளே அப்படிக் கூப்பிட்ட பிறகு நான் எப்படி?

கதை நகரவில்லை. உங்கள் நூலில் இருப்பதையெல்லாம் வரிசையாக வைத்து நாலு பக்கம் எழுதி வட்டத்தில் வாசித்தேன். வீரமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், கோவிச்சுக்காதீங்க, இது கதையா, பத்தாங் கிளாஸ் நோட்ஸா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெள்ளாடு சோளக் கொல்லைக்குள் புகுந்தது என்றால் அது வரலாறு. படலை யார் திறந்து வைத்தது என்று கேட்டால் கதை. காரணம் இல்லாமல் எனக்கு அந்தப் பெண்ணைப் படி இறக்க முடியவில்லை. கல் மறுப்பது எது, சொல்லாதது எது என்றும் குழப்பமாக இருக்கிறது. இத்துடன் புதிதாக எழுதிய மடத்துக் காட்சி வைத்திருக்கிறேன். சிவப்புப் பென்சில் வைத்துத் திருத்துங்கள். நான் திருத்திய நோட்டுகளுக்கெல்லாம் பழி வாங்கிக்கொள்ளலாம்.

காது வைத்தியத்தைப் பாதியில் விடாதீர்கள்.

ஆனி ரோஸ்


குண்டூர்
2.11.2023

அன்புள்ள அக்கா,

இன்று கல்லறைத் திருநாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பூசை கொடுத்தேன். நீ ஊருக்குப் போய் மெழுகுதிரி ஏற்றியிருப்பாய்.

உன் பக்கங்களை உணவறையில் சிஸ்டர்களுக்குத் தெலுங்கில் சொல்லிக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறிவிட்டது. உன் நாகதத்தை முக்காடு போட்டிருக்கிறாள். அவளுக்கு மொட்டைத் தலை, அக்கா. மடத்தில் மூன்று வேளையும் மணி அடித்து எல்லோரும் நின்று ஜெபிக்கிறார்கள். அது நம் கோயில் மணி. இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் ஊற்றியிருக்கிறாய். பிக்குணிகள் உச்சிவேளைக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. உன் மூத்த பிக்குணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து அதட்டுகிறாள். அவளை எனக்குத் தெரியும். எங்கள் பழைய மதர்.

நீ மடம் எழுதவில்லை, கான்வென்ட் எழுதியிருக்கிறாய். ஆனாலும் நன்றாக இருக்கிறது. அக்காள் கொல்லையில் நின்று தங்கையின் பழைய பாவாடையை உதறிக் காயப்போடும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதை மாற்றாதே.

அடுத்த பகுதிக்குக் காத்திருக்கிறேன். முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடு.

அற்புதம்


பெரம்பலூர்
26.11.2023

மரியே வாழ்க.

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு,

நாலு நாளாக இங்கே மழை. முக்காட்டை எடுத்துவிட்டேன், ரசத்தையும் கொட்டிவிட்டேன். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இதில் மட்டும் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியை இங்கேயே எழுதுகிறேன். அக்காள் சொல்கிறாள்:

"எனக்கு இருபத்தோரு நாள் காய்ச்சல். வைத்தியர் கைவிட்ட அன்று அம்மா தூபியின் திசை பார்த்து மண்டியிட்டாள். இவளைப் பிழைக்க வை, சின்னவளை உனக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிழைத்தேன். நாலு வருடம் கழித்து என் தங்கை போனாள். அவள் போன பிறகு அம்மா வாரம் தவறாமல் செருப்பில்லாமல் தூபிக்கு நடந்தாள். எனக்குக் கணவன் வந்தான், பிள்ளை வந்தது. என் தட்டில் விழுந்த ஒவ்வொரு பிடிச் சோறும் அவளுடையது."

இதை வட்டத்தில் வாசித்தேன். வீரமுத்து, "இத அப்படியே குடுங்க டீச்சர், பொங்கலுக்கு அப்புறம் பிரஸ்ஸுக்குப் போயிரும்" என்றார்.

உங்கள் சரி என்ற ஒரு சொல் வந்தால் போதும். திருவருகைக் காலம் உங்களுக்கு நல்லபடி அமையட்டும்.

ஆனி ரோஸ்


பெரம்பலூர்
10.1.2024

மரியே வாழ்க.

அன்புள்ள சிஸ்டர் அவர்களுக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. அச்சடித்த வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தது. எப்போதும் ஓரத்தில் ஏதாவது கிறுக்குவீர்கள். காது மோசமாகிவிட்டதோ என்று கான்வென்ட்டுக்குப் போன் செய்தேன். எடுத்த சிஸ்டர், நீங்கள் நலம், வகுப்பில் இருக்கிறீர்கள் என்றார். அது சரி, நலமாக இருப்பவர் ஏன் எழுதவில்லை என்பதுதான் புரியவில்லை.

கதையில் பிழை இருந்தால் சொல்லுங்கள். பெயிலான பிள்ளைக்குக்கூட எத்தனை மார்க் என்று சொல்லிவிடுவோம் இல்லையா? வீரமுத்து மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பொங்கலுக்கு ஆல்பர்ட் வருகிறான். எல்லோரும் உங்களை விசாரித்தார்கள்.

ஆனி ரோஸ்


குண்டூர்
31.1.2024

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் நலமாக இரு.

அந்தக் கதையை அச்சுக்குக் கொடுக்காதே. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் என் பெயரும் என் நூலின் பெயரும் அதில் வரக் கூடாது.

நான் படித்த கற்களில் பிள்ளைக்காகப் பிள்ளையை நேர்ந்துவிட்ட தாய் ஒருத்தியும் இல்லை. அவள் ஆந்திரத்திலிருந்து வரவில்லை. ஏலாக்குறிச்சி மாதா கோயிலிலிருந்து வந்திருக்கிறாள். முக்காட்டை எடுத்துவிட்டு அம்மாவை உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்.

அற்புதம்


பெரம்பலூர்
18.2.2024

அற்புதம்,

கதை நின்றுவிட்டது. மலர் அது இல்லாமலே போகட்டும் என்று வீரமுத்துவிடம் சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை சிஸ்டருக்கு எழுத முடியாது. உனக்குத்தான் எழுதமுடியும்.

எழுபத்தைந்தில் எனக்கு டைபாய்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் காய்ச்சல் சற்று விட்டபோது அம்மா அடைக்கல மாதா படத்துக்கு முன்னால் இருந்தாள். "மூத்தவள எந்திரிக்க வையி தாயே, சின்னவள ஒனக்கே தந்துர்றேன்" என்றாள். கனவு இல்லை. நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுந்தேன், டீச்சர் டிரெய்னிங் முடித்தேன், கல்யாணம் ஆயிற்று. எழுபத்தொன்பது ஜூனில் நீ கான்வென்ட்டுக்குப் போனாய்.

உன்னை வழியனுப்ப நான் வரவில்லை. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பயம். அதற்குப் பிறகு அம்மா சனிக்கிழமை தோறும் செருப்பில்லாமல் ஏலாக்குறிச்சிக்கு நடந்தாளே, அந்தக் கால்களையும் நான் பார்த்தேன்.

நாற்பத்தைந்து வருடமாக உன் வாழ்க்கையைத் தின்று நான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல முடியவில்லை. நாகதத்தை வந்ததும் அவள் தலையில் ஏற்றிவிட்டேன். உன் எட்டு வருட உழைப்பைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


குண்டூர்
10.3.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கோயிலில் வைத்து மூன்று முறை படித்தேன். இரண்டு வாரமாகப் பதில் எழுதிக் கிழிக்கிறேன்.

கல்லைப் படிக்கும்போது முதலில் வருடத்தைச் சரிபார்ப்போம். நீயும் பார். அம்மா நடந்தது எழுபத்தொன்பது தவக்காலத்தில், ஏழு சனிக்கிழமை. அவள் நடக்கத் தொடங்கியபோது ஆல்பர்ட் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்துக்கு வந்த நீ நம் வீட்டில் படுத்திருந்தாய். விடியுமுன்னே அம்மா கிளம்பிப் போனதும் உனக்குப் பத்திய ரசம் வைத்துக் கொடுத்தது யார்? நான்தான். நான் போனது ஜூனில். அம்மா நடந்த பிறகுதான் போனேன். நீ முன்னதைப் பின்னதாக மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாய். வரலாற்று டீச்சர் செய்கிற காரியமா இது?

நடந்தது இதுதான். நேர்ச்சையைச் செலுத்த என்னை அனுப்ப வேண்டுமே என்று அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பங்குச் சாமியாரிடம் போய் அழுதாள். அவர், "நேந்துக்கிட்டது நீ. அப்ப நீ நட. அவள ஏன் நடக்க வக்கிற?" என்றார். ஒருவர் உயிரை இன்னொருவர் நேர்ந்துகொள்ள முடியாது என்று சொல்லி, அதற்குப் பதிலாகத் தவக்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் ஏலாக்குறிச்சிக்கு நடக்கச் சொன்னார். ஏழாம் வாரம் திரும்பி வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னிடம், "ஒன்ன வுட்டாச்சுடி. இனிமே ஒனக்குப் புடிச்ச மாரி இரு" என்றாள். காலில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து நானாகச் சொன்னேன், கான்வென்ட்டுக்குப் போகிறேன் என்று. அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவ்வளவு தூரம் நடந்து மீட்டவளை நானே திருப்பிக் கொடுத்தால் கோபம் வராதா? நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் ராசாங்கம் மாமா, என் மகனைக் கட்டாமல் எங்கே போகிறாள் என்று சண்டைக்கு வந்தார். அம்மா அவரிடம், "அது நேந்துவுட்ட புள்ளண்ணே" என்றாள். மாமா அதோடு திரும்பிப் போய்விட்டார். நானும் அதை மறுக்கவில்லை. ஊருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அம்மாவுக்கும்தான். உனக்கும் அதுவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் இருக்கிறது, அக்கா. ஒவ்வொரு விடுமுறையிலும் விரால் குழம்பில் நடுத்துண்டை எனக்கே வைப்பாய். நான் அதை அன்பு என்று தின்றேன். நீ பரிகாரம் செய்துகொண்டிருந்திருக்கிறாய். எது எது அன்பு, எது எது பரிகாரம் என்று இப்போது எப்படிப் பிரிப்பேன்?

ஏன் போனேன் என்று நீ கேட்பாய். புதிதாக வரும் பெண்களும் கேட்கிறார்கள். ஒரு வருடம் படிக்க ஆசை என்கிறேன், ஒரு வருடம் மாமா மகனைப் பிடிக்கவில்லை என்கிறேன், ஒரு வருடம் ஆண்டவர் அழைத்தார் என்கிறேன். எதுவும் பொய் இல்லை. எதுவும் போதவும் இல்லை.

இதற்குக் கீழே இரண்டு வரி அடித்திருக்கிறேன். படிக்க முயலாதே.

தவக்காலத்தில் சர்க்கரையைக் குறைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

அற்புதம்


பெரம்பலூர்
7.4.2024

அன்புள்ள அற்புதம்,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. மரியே வாழ்க.

அடித்த வரியைப் படிக்க முயன்றேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் "நீ பிழைத்து" என்ற இரண்டு சொல் மட்டும் தெரிந்தது. அதன் பிறகு மையை அழுத்திப் பூசியிருக்கிறாய். நீ பிழைத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதினாயா, நீ பிழைத்துவிட்டதால்தான் போனேன் என்று எழுதினாயா? ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தேன். கேட்க மாட்டேன். நீ அடித்தது அடித்ததாக இருக்கட்டும்.

ஆல்பர்ட்டின் ஞானஸ்நானச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்ன வருடம்தான் சரி. ரசத்தின் மிளகு வாசனைகூட வந்துவிட்டது. அடுக்களையில் வளையல் சத்தம் கேட்டது உன்னுடையது. அதை எப்படி மறந்தேன்? இதற்கு நிம்மதி என்று பெயர் வைக்கலாமா என்று தெரியவில்லை. சுமை இறங்கிய பிறகும் கழுத்து கொஞ்ச நேரம் கோணலாகவே நிற்கும் அல்லவா, அப்படி இருக்கிறேன். நடுத்துண்டு விஷயத்தில் எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சின்ன வயதிலேயே, காய்ச்சலுக்கு முன்னாலும், அதை உனக்குத்தான் வைப்பேன். இது பொய்யில்லை.

கதையை மறுபடி எழுதினேன். நேர்ச்சை இல்லை, காய்ச்சல் இல்லை. பிக்குணி வீட்டுக்கு வருகிறாள். அக்காளும் அவளும் கல்தச்சனிடம் போகிறார்கள். கல்லில் செதுக்கும் தாமரைக்கு எத்தனை இதழ் என்று மூன்று பேரும் சண்டை போடுகிறார்கள். கடைசியில் பிக்குணி சொன்னதுதான் நடக்கிறது. அவ்வளவுதான். வட்டத்தில் வாசித்ததும் வீரமுத்து கேட்டார்: "ஏன் போனான்னே சொல்லலியே டீச்சர், ஜனங்க ஒத்துக்குவாங்களா?" நான், "அவ அக்காவே ஒத்துக்கிட்டாளே, ஜனங்களுக்கு என்ன?" என்றேன். மலரை மே மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார். பக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். உனக்குச் சரி என்றால் இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்கிறேன். இல்லையென்றால் இது உன்னிடமே இருக்கட்டும்.

வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அதட்டினால் அழும். நான் பக்கத்தில் போய், காலையில் என்ன சாப்பிட்டாய், அதை எழுது என்பேன். அரைப் பக்கம் வந்துவிடும். பிறகு நிறுத்த முடியாது. உன்னிடமும் நான் தப்பான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன்.

நீ போன அன்று நான் அங்கே இல்லை. காரணம் எதுவும் எழுத வேண்டாம். ஒரு தாள் எடு. அன்று காலை பஸ் ஏறுவதற்கு முன்னால் என்ன சாப்பிட்டாய், தட்டில் யார் வைத்தார்கள், அதை மட்டும் எழுதிப் பார்.

அக்கா